அலைப் பாடத்துக்கு எந்தக் கருவி? ஸ்லிங்கி, கயிறு, குச்சி வரிசை, அலைத்தொட்டி, சிமுலேஷன்: ஓர் ஒப்பீடு

அலைகள் பற்றிய முதல் பாடத்துக்குப் பெரும்பாலும் நான்கு பாடவேளைதான் கிடைக்கும். குறுக்கலை (ஊடகம் அலைக்குக் குறுக்கே அசைவது), நெட்டலை (அலை ஓடும் திசையிலேயே முன்னும் பின்னும் அசைவது), முகடு, அகடு, அலைநீளம், அதிர்வெண், வீச்சு, வேகம், திரும்பி வருதல், மேற்பொருந்துதல் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். காட்டிக் கற்பிக்க ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. அவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் இங்கே கேள்வி.

ஒவ்வொரு கருவியும் சிலவற்றைத் தெளிவாகக் காட்டும். கூடவே, சொல்லாமலே ஒரு தவறான எண்ணத்தையும் விதைத்துவிடும். எது அழகாகத் தெரிகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட, எது எந்தத் தவறை விதைக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது மேல். மாணவர்கள் வகுப்புக்குக் கொண்டுவரும் தவறுகள் மூன்று. அலையோடு ஊடகமும் நகர்ந்து போகிறது என்பது ஒன்று. கையை வேகமாக உதறினால் அலையும் வேகமாகப் போகும் என்பது இன்னொன்று. ஒலி காற்றில் பாம்புபோல் வளைந்து போகிறது என்பது மூன்றாவது. முதலாவது சீக்கிரம் போய்விடும். இரண்டாவது அவ்வளவு எளிதில் போகாது. அலையின் வேகத்தை ஊடகம்தான் தீர்மானிக்கிறது, ஆட்டும் கை அல்ல என்று சூத்திரம் படித்த பிறகும் பலருக்கு உள்ளூர நம்பிக்கை வருவதில்லை. அதனால் கீழே ஒவ்வொரு கருவியையும் முக்கியமாக இந்த இரண்டாவது தவறை வைத்தே எடை போட்டிருக்கிறோம்.

ஸ்லிங்கி

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் இரும்பு ஸ்லிங்கி, அதாவது நீட்டிச் சுருக்கக்கூடிய கம்பிச் சுருள், வாங்குங்கள். குறுக்கலை, நெட்டலை இரண்டையும் ஒரே பொருளில் காட்டுவது இது மட்டும்தான். வண்ண பிளாஸ்டிக் ஸ்லிங்கி வேண்டாம். எடை குறைவு என்பதால் தரையின் உராய்விலேயே துடிப்பு (ஒரே உதறலில் ஓடும் ஒற்றை அலை) செத்துவிடும். நெட்டலையின் நெருக்கம் அதில் கண்ணுக்குப் படுவதே கடினம்.

வழவழப்பான தரையில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து 3 முதல் 4 மீட்டர் வரை நீட்டிப் பிடிக்க வேண்டும். கம்பள விரிப்பில் செய்தால் அலை பாதிவழியில் நின்றுவிடும். 4 மீட்டருக்கு மேல் இழுத்தால் சுருள் நிரந்தரமாக நீண்டுபோகும் ஆபத்து உண்டு. நீட்டிய நிலையில் ஒருவர் கையை விட்டால் மறுமுனையில் இருப்பவர் முகத்தில் அடிக்கும். "நான் சொல்லாமல் யாரும் விடக்கூடாது" என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நடுவில் ஒரு சுற்றில் வண்ண நூல் கட்டுங்கள். பக்கவாட்டில் ஒரு உதறு உதறினால் குறுக்குத் துடிப்பு ஓடும். நூல் பக்கவாட்டில் போய்த் திரும்பி அதே இடத்தில் நிற்கும். நெட்டலைக்கு, முனையில் 8 அல்லது 10 சுற்றுகளைக் கையில் குவித்துச் சட்டென்று விட வேண்டும். நூல் முன்னும் பின்னும் ஒருமுறை அசையும். இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, மெதுவாகத் தள்ளுவது. அப்படித் தள்ளினால் மொத்தச் சுருளும் கொஞ்சம் நகரும், நெருக்கம் எதுவும் ஓடுவது தெரியாது. துடிப்பைப் பார்க்காமல் நூலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் தவறு இந்த ஒரு கட்டளையிலேயே பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

அடுத்தது வேகம். ஸ்லிங்கி ஆசிரியரின் காலை வாருவது இந்த இடத்தில்தான். வழக்கமான இரும்பு ஸ்லிங்கியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் துடிப்பு போக ஏறத்தாழ அரை நொடி ஆகும். "இன்னும் நீட்டி இழுவிசையைக் கூட்டினால் என்ன ஆகும்?" என்று கேட்டு, 2 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்கு நீட்டினால், அப்போதும் அதே அரை நொடிதான். இழுவிசையால் வேகம் மாறவில்லை என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். உண்மையில் வேகம் நொடிக்கு 4 மீட்டரிலிருந்து 8 மீட்டராக இரட்டித்திருக்கிறது. தூரமும் இரட்டித்ததால் நேரம் மாறவில்லை. சுருக்கிய நிலையில் நீளம் மிகக் குறைவாக உள்ள சுருளில், கடக்கும் நேரம் சுருளின் நிறையையும் விசை மாறிலியையும் (சுருளின் விறைப்பின் அளவு) மட்டுமே பொறுத்தது. நீட்டிய நீளம் கணக்கில் வராது.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. முனைகளை 3 மீட்டர் தூரத்தில் அப்படியே வைத்து, மூன்றில் ஒரு பங்கு சுற்றுகளை ஒருவர் கைக்குள் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். தூரம் மாறாது, இழுவிசை கூடும், மீட்டருக்கான நிறை குறையும். கடக்கும் நேரம் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும், அதாவது வேகம் ஒன்றரை மடங்கு. வித்தியாசம் கடிகாரத்தில் தெரியும். ஆனால் ஒரு ஓட்டத்தை மட்டும் அளந்தால் தெரியாது. கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதமே கிட்டத்தட்ட 0.2 நொடி. துடிப்பு மூன்று முறை போய் வரும் நேரத்தை அளந்து ஆறால் வகுக்க வேண்டும்.

அதன் பிறகு அதே நீளத்தில் சிறிய உதறு, பெரிய உதறு, மெதுவான உதறு, சட்டென்ற உதறு என்று நான்கு வகையிலும் அளக்கச் சொல்லுங்கள். நேரம் நான்கிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். இரண்டாவது தவறை உடைக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. வீச்சு அளவுக்கு மீறிப் பெரிதானால் சுருள் கூடுதலாக நீண்டு வேகம் சற்றுக் கூடும். ஆகவே "பெரிய உதறு" என்பதை 30 சென்டிமீட்டருக்குள் நிறுத்துங்கள்.

போகும் அலையும் திரும்பி வரும் அலையும் சேர்ந்து ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் நிலை அலைகளுக்கும் இதே அரை நொடி கைகொடுக்கிறது. 4 மீட்டர் நீட்டிய சுருளில் அடிப்படை அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ். நொடிக்கு இரண்டு முறை ஆட்டினால் நடுவில் ஒரு கணு (அசையாத புள்ளி), மூன்று முறை ஆட்டினால் இரண்டு கணுக்கள். இரண்டாவது வடிவத்தில் அலைநீளம் 4 மீட்டர், மூன்றாவதில் 2.67 மீட்டர். அதிர்வெண்ணால் பெருக்கினால் இரண்டிலும் நொடிக்கு 8 மீட்டர். "வேகம் = அதிர்வெண் × அலைநீளம்" என்பதைக் கையாலேயே உணர வைக்கும் அளவீடு இது. நான்காவது வடிவம் நொடிக்கு நான்கு ஆட்டம் கேட்கும். பெரும்பாலோர் கை ஒத்துழைக்காது.

மேற்பொருந்துதலுக்கு ஒரு காகிதக் கோப்பை போதும். இரு முனையிலிருந்தும் 15 சென்டிமீட்டர் வீச்சில் ஒரே பக்கமாகத் துடிப்பு அனுப்பி, சரியாக நடுவில், சுருளிலிருந்து 22 சென்டிமீட்டர் தள்ளிக் கோப்பையை வையுங்கள். ஒரு துடிப்பு தனியாக வந்தால் கோப்பையைத் தொடாது. இரண்டும் சந்தித்தால் தட்டிவிடும். கோப்பையை 10 சென்டிமீட்டருக்கு நகர்த்தி, எதிரெதிர்ப் பக்கமாகத் துடிப்பு அனுப்பினால் கோப்பை விழாமல் நிற்கும். துடிப்புகளை ஒரே நொடியில் கிளப்பாவிட்டால் சந்திக்கும் இடம் விலகிவிடும். யாராவது ஒருவர் "ஒன்று, இரண்டு" எண்ண வேண்டும்.

ஸ்லிங்கி விதைக்கும் தவறு நிலநடுக்க அலைகளைப் பேசும்போது முளைக்கும். பாறையில் நெட்டலையான பி அலை, குறுக்கலையான எஸ் அலையைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு வேகமாக ஓடி முதலில் வந்து சேர்கிறது. நன்றாக நீட்டிய ஸ்லிங்கியிலோ இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம். "பி அலை முந்துவதைப் பாருங்கள்" என்று சொல்லிக் காட்டப் போனால் எதுவும் முந்தாது. அந்தப் பாடத்துக்கு ஸ்லிங்கியை அசைவின் திசையைக் காட்ட மட்டும் பயன்படுத்துங்கள்.

கயிறு

எங்கும் கிடைக்கும் என்பதைத் தவிரக் கயிற்றுக்குப் பெரிய சிறப்பில்லை. மீட்டருக்கு 50 கிராம் எடையுள்ள கயிற்றை 5 நியூட்டன் விசையில் இழுத்தாலே துடிப்பின் வேகம் நொடிக்கு 10 மீட்டர். 5 மீட்டர் கயிற்றை அரை நொடியில் கடந்துவிடும். கண் பின்தொடர்வதற்குள் திரும்பியும் வந்துவிடும். மெதுவாக்க இழுவிசையைக் குறைத்தால் கயிறு தொய்ந்து தரையில் புரளும். நெட்டலையை இதில் காட்டவே முடியாது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் எடுக்கலாம். கட்டிய முனையில் துடிப்பு தலைகீழாகத் திரும்புவதையும், கட்டற்ற முனையில் நேராகத் திரும்புவதையும் இது அழுத்தமாகக் காட்டும். கட்டற்ற முனை என்றால் கயிற்றைக் காற்றில் தொங்கவிடுவது அல்ல, அப்படி விட்டால் இழுவிசையே இருக்காது. கயிற்றின் முனையில் ஒன்றரை மீட்டர் மெல்லிய நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைச் சுவரில் கட்ட வேண்டும். இதே நூல் உத்தி ஸ்லிங்கிக்கும் பொருந்தும் என்பதால், ஸ்லிங்கி இருக்கும் வகுப்பில் கயிறு தேவைப்படாது.

குச்சி வரிசை

பெல் ஆய்வகத்தின் ஜான் ஷைவ் உருவாக்கிய அலை இயந்திரத்தின் எளிய வடிவம் இது. நடுவே ஒரு முறுக்குப் பட்டை, அதில் சம இடைவெளியில் குறுக்குக் குச்சிகள். ஒரு முனைக் குச்சியை மேலே தட்டினால் முறுக்கம் மெதுவாக வரிசை முழுதும் நகரும். கண்ணால் நிதானமாகப் பின்தொடர முடிவதுதான் இதன் முதல் பெருமை. கடைசி வரிசை மாணவருக்கும் தெரியும் என்பது இரண்டாவது.

2 மீட்டர் நீளத்துக்கு 25 சென்டிமீட்டர் மூங்கில் குச்சிகள் 40, சுமார் 5 சென்டிமீட்டர் அகல டக்ட் டேப், இரண்டு உறுதியான தாங்கிகள், களிமண் வேண்டும். டேப்பைப் பசைப்பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் விரித்து, ஓரத்தில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு குச்சியின் நடுவிலும் முன்கூட்டியே புள்ளி வைத்து, அந்தப் புள்ளி டேப்பின் நடுக்கோட்டில் வரும்படி ஒட்ட வேண்டும். மேலே இன்னொரு டேப்பை ஒட்டி மூடுங்கள். ஒற்றை டேப்பில் விட்டால் நாலைந்து தட்டலுக்குள் குச்சிகள் கழன்று சாயும். பிறகு இரு தாங்கிகளுக்கும் நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள்.

சில குச்சிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றால் நடுப்புள்ளி தவறியிருக்கிறது என்று பொருள். வரிசை முழுவதும் நடுவில் தொய்ந்தால் இழுப்பு போதவில்லை. டேப் சுமையில் மெல்ல நீளும் பொருள் என்பதால் முந்தைய நாள் கட்டிவைத்தது மறுநாள் தொய்ந்திருக்கும். பாடத்துக்கு முன் மறுபடி இழுத்துக் கட்டுவதை வேலைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊடகம் மாறினால் வேகம் மாறும் என்பதை மற்றக் கருவிகள் எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. வரிசையின் ஒரு பாதியில் மட்டும், ஒவ்வொரு குச்சியின் இரு முனையிலும் 1 கிராம் களிமண் உருண்டை வையுங்கள். குச்சி ஒன்றரை கிராம் எடை என்றால், சுழற்சி நிலைமம் (திருப்புவதற்குக் குச்சி காட்டும் தயக்கம்) நாலரை மடங்குக்குச் சற்று மேல் கூடி, அந்தப் பாதியில் வேகம் பாதிக்கும் கீழே இறங்கும். எல்லையில் துடிப்பின் வீச்சில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தலைகீழாகத் திரும்பும், மீதி உள்ளே போகும். உள்ளே போனது அகலம் குறைந்து மெதுவாக ஊர்வது வெறும் கண்ணுக்கே தெரியும். ஒளிவிலகலைப் பின்னால் கற்பிக்கும்போது இந்தக் காட்சியைத் திரும்பச் சொன்னாலே போதும். உருண்டையை 5 கிராம் ஆக்கிவிடாதீர்கள். வேகம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய், துடிப்பின் பெரும்பகுதி எல்லையிலேயே திரும்பிவிடும். பாதி திரும்பி பாதி போவதைக் காட்ட நினைத்தது கெட்டுப்போகும்.

குறை என்ன? நெட்டலைக்கு இது உதவாது. குச்சி மேலும் கீழும் "போகிறது" என்று தோன்றினாலும் உண்மையில் அது திரும்புகிறது, அதாவது இது முறுக்கலை. பக்கவாட்டிலிருந்து குச்சி முனைகளை மட்டும் பார்க்கும்படி மாணவர்களை உட்கார வைத்தால் இந்தக் குழப்பம் எழுவதில்லை. கட்ட ஒரு மணி நேரம் ஆகும், பத்திரப்படுத்துவதும் தலைவலி. ஆனாலும் ஸ்லிங்கிக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

மாணவர்களே அலையாக நிற்பது

வரிசையாக நின்று கைகளை அடுத்தடுத்துத் தூக்குவது சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். ஆனால் அறிவியல் ரீதியாக மிக மோசமான மாதிரி இதுதான். அங்கே பக்கத்து ஆள் யாரையும் இழுப்பதில்லை. பார்த்துவிட்டுத் தாமாகக் கையைத் தூக்குகிறார்கள். "சீக்கிரம், சீக்கிரம்!" என்றால் அலையும் வேகமாகிறது. ஒழிக்க வேண்டிய அந்த இரண்டாவது தவறையே இது ஊட்டி வளர்க்கிறது. தோளில் கைவைத்து மெல்லத் தள்ளும் வடிவம் நெட்டலைக்குப் பரவாயில்லை, ஏனென்றால் அங்கே உண்மையான விசை கடத்தப்படுகிறது. தள்ளு பலமானால் வரிசையே சரியும் என்பதால் ஒரு காலை முன்வைத்து நிற்கச் சொல்லி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

அலைத்தொட்டி

பாடத்திட்டத்தில் விளிம்பு விளைவும் (இடுக்கைக் கடந்த அலை விரிவது) குறுக்கீட்டு விளைவும் (இரண்டு அலைகள் சேர்ந்து சில இடங்களில் கூடிச் சில இடங்களில் குறைவது) இருந்தால் மட்டும் அலைத்தொட்டியை எடுங்கள். இரு பரிமாணத்தில் அலைமுகப்பை, அதாவது முன்னேறும் முகட்டின் கோட்டை, உண்மையான ஊடகத்தில் இங்குள்ள வேறு கருவி எதுவும் காட்டாது. அவை இல்லையென்றால் இதற்குச் செலவாகும் தயாரிப்பு நேரம் வீண்.

கண்ணாடி அடித்தட்டில் நீர் 5 முதல் 10 மில்லிமீட்டர் ஆழம். மேலே அரை மீட்டர் உயரத்தில் ஒற்றைப் புள்ளி விளக்கு, கீழே வெள்ளைத் தாள். கைப்பேசியின் டார்ச் போதும். நீளமான குழல் விளக்கு நிழலை மங்கடிக்கும். ஓரங்களில் பஞ்சுப்பட்டையோ மடித்த துணியோ வைக்காவிட்டால் சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் எல்லாவற்றையும் குழப்பிவிடும். தொட்டி சமமட்டமாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஆழம் குறைந்து, நேரான அலைமுகப்பு தானாக வளையும்.

விலகலை, அதாவது ஆழம் மாறும் எல்லையில் அலை திசை திரும்புவதை, காட்ட முயல்பவர்களில் பலர் தோற்கும் இடம் ஆழம். கணக்கைப் பாருங்கள்: 2 சென்டிமீட்டர் அலைநீளத்துக்கு, நீர் 10 மில்லிமீட்டர் ஆழத்தில் வேகம் நொடிக்கு 23 சென்டிமீட்டர், 5 மில்லிமீட்டரில் 22. வித்தியாசமே இல்லை. 2 மில்லிமீட்டருக்கு இறங்கினால்தான் 17 ஆகிறது. கண்ணாடித் தகட்டை உள்ளே வைத்தால் அதன்மேல் நீர் 2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தகட்டின் ஓரத்தை அலைக்குச் சாய்வாக வைக்க வேண்டும். நீர் ஆவியாகிக் குறைவதால் பாடத்தின் நடுவே ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

தாளில் விழும் நிழலின் அலைநீளம் உண்மையானதைவிடப் பெரிது, ஏனென்றால் புள்ளி விளக்கு எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும். ஒரு அளவுகோலைக் கண்ணாடிமேல் வைத்து, அதன் நிழலை அளந்து உருப்பெருக்கத்தைக் கண்டுபிடித்து வகுக்க வேண்டும். ஓடும் அலையை நிறுத்திப் பார்க்க, கைப்பேசியில் நொடிக்கு 120 அல்லது 240 படங்கள் எடுக்கும் மெதுவியக்கப் பதிவு போதுமானது. 11 ஹெர்ட்ஸில் ஆட்டினால் அலைநீளம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டராக வரும்.

விதைக்கும் தவறு: நீரலை குறுக்கலை என்பது. நீரின் துகள்கள் மேலும் கீழும் மட்டும் அசைவதில்லை, வட்டம் அல்லது நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன. குறுக்கலைக்கு எடுத்துக்காட்டாக நீரலையைச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடலாம்; சுண்டிய கம்பி இருக்கிறது.

சிமுலேஷனும் கைப்பேசியும்

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டத்தில் கயிற்றலைக்கு ஒரு இலவச சிமுலேஷன் இருக்கிறது. இழுவிசை, அதிர்வெண், வீச்சு, தணிப்பு எல்லாவற்றையும் தனித்தனியே மாற்றலாம். ஓட்டத்தை நிறுத்தி அளவுகோல் வைக்கலாம். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைப்பது உண்மையான சுருளில் கடினம், திரையில் எளிது. திறந்தவுடன் இரண்டைச் சரிசெய்யுங்கள். முனையை "முனையில்லை" என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும் அலை கலந்து அலைநீளத்தை அளக்க விடாது. தணிப்பைச் சுழியாக்குங்கள், இல்லாவிட்டால் வீச்சு வழியில் குறைவதையும் அலையின் இயல்பு என்று குறித்துக்கொள்வார்கள்.

இதன் உண்மையான மதிப்பு வேறொன்றில் இருக்கிறது. இடப்பெயர்ச்சியைத் தூரத்துக்கு எதிராக வரைந்த படத்திலும் நேரத்துக்கு எதிராக வரைந்த படத்திலும் ஒரே வளைவு தெரிவதால், இரண்டாவது படத்திலும் முகட்டுக்கு முகடு அளந்து அலைநீளம் என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். ஓட்டத்தை நிறுத்தி முழுக் கயிற்றையும் வரையச் சொல்லுங்கள், அது முதல் படம். திரையில் கயிறு மணிகளைக் கோத்ததுபோல் தெரியும்; பிறகு ஓடவிட்டு அந்த மணிகளில் ஒன்றை மட்டும் பார்த்து நேரத்தோடு வரையச் சொல்லுங்கள், அது இரண்டாவது. அதில் முகட்டுக்கு முகடு இருப்பது அலைவுநேரம்.

ஆனால் சிமுலேஷனை முதலில் காட்டினால் பயன் பாதியாகும். திரையில் வேகம் மாறாததைப் பார்ப்பவர், நிரல் எழுதியவர் அப்படி வைத்திருக்கிறார் என்று நினைக்க இடமுண்டு. சுருளில் தானே அளந்தவருக்கு அந்தச் சந்தேகம் வராது.

ஒலிக்குக் கைப்பேசியின் ஒலிவரைபடம் கவர்ச்சியானது, மூன்றாவது தவறின் ஊற்றும் அதுவே. திரையில் தெரியும் வளைவு காற்றின் பாதை அல்ல. அழுத்தம் நேரத்தோடு கூடிக் குறையும் கணக்கு. அச்சில் "அழுத்த மாற்றம்", "நேரம்" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு, பக்கத்தில் ஸ்லிங்கியின் நெருக்கத்தையும் தளர்ச்சியையும் காட்டி, எந்த இடம் வளைவின் முகடு என்று கேளுங்கள்.

ஒலியின் வேகத்தை அளக்கக் கைப்பேசி மிக நல்லது. ஃபைஃபாக்ஸ் செயலியின் ஒலிக் கடிகாரத்தை இரண்டு கைப்பேசிகளில் திறந்து 5 மீட்டர் தள்ளி வையுங்கள். முதல் கைப்பேசியின் அருகே ஒருவர் கைதட்ட, இரண்டு கடிகாரமும் ஓடத் தொடங்கும். இரண்டாவதன் அருகே இன்னொருவர் தட்ட, இரண்டும் நிற்கும். இரண்டு நேரங்களின் வித்தியாசம், ஒலி 10 மீட்டர் போக எடுக்கும் நேரம்: 20 டிகிரி செல்சியஸில் 29 மில்லிநொடி, அதாவது நொடிக்கு சுமார் 343 மீட்டர். ஒலி உணர்வு வரம்பை மிகக் குறைவாக வைத்தால் நாற்காலி நகர்வதே கடிகாரத்தைக் கிளப்பிவிடும். முதல் கைதட்டலின் எதிரொலியிலேயே கடிகாரம் நின்றுவிடாமலிருக்க, குறைந்தபட்சத் தாமதத்தை அரை நொடிக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு பாடவேளைக்கு

முதல் வேளை முழுவதும் ஸ்லிங்கி: வகைகள், வண்ண நூல், நான்கு உதறுகள். ஐந்து பேருக்கு ஒரு சுருள் போதும்: இருவர் பிடிக்க, ஒருவர் நேரம் அளக்க, ஒருவர் எழுத, ஒருவர் நூலைப் பார்க்க. இரண்டாவது வேளையில் நிலை அலைகளைக் கொண்டு அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கிப் பார்ப்பது, கடைசிப் பத்து நிமிடம் காகிதக் கோப்பை. மூன்றாவதில் சிமுலேஷனும் இரண்டு வரைபடங்களும். நான்காவதில் முதல் பாதி குச்சி வரிசை, இரண்டாம் பாதி ஒலிக் கடிகாரம். அலைத்தொட்டி தேவைப்படும் பாடத்திட்டம் என்றால் ஐந்தாவது வேளை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நான்குக்குள் திணித்தால் வரைபடப் பயிற்சிதான் பலியாகும், தேர்வில் மாணவர்கள் அதிகம் தடுமாறுவதும் அந்த வரைபடங்களில்தான்.

குச்சி வரிசை கட்ட நேரமில்லையென்றால் ஊடகம் மாறும் எல்லையைக் காட்டத் தடித்த கயிறொன்றை மெல்லிய கயிற்றோடு முடிந்து சமாளிக்கலாம். முடிச்சு சிறியதாக இருக்கட்டும், பெரிய முடிச்சே தனியாக ஒரு துடிப்பைத் திருப்பி அனுப்பும். ஸ்லிங்கிகளைப் பாடம் முடிந்ததும் சுருக்கி, குறுக்கே இரண்டு ரப்பர் பட்டைகள் போட்டு வையுங்கள். ஒருமுறை சிக்கிய இரும்புச் சுருளைப் பிரித்தெடுத்தாலும் மடங்கிய சுற்று நேராகாது. அந்த இடத்தில் நெட்டலைத் துடிப்பு ஒவ்வொரு முறையும் தடுக்கி நிற்கும்.